ஒரு வாளி வெந்நீருக்கு எவ்வளவு விறகு?

மார்கழி மாதம். விடியற்காலை மணி 5.

கல்வராயன் மலை பனியில் மூடிக் கிடக்கிறது. கோழி இன்னும் கூவவில்லை. அதற்கு முன்பே வீட்டுக்காரி எழுந்துவிட்டாள்.

வாசல் ஓரத்தில் மூன்று கல். கல்லின்மேல் கரி பிடித்த அண்டா. அடியில் விறகு. விறகில் ஈரம். குனிந்து ஊதுகிறாள். புகை கிளம்புகிறது. கண் எரிகிறது. மறுபடியும் ஊதுகிறாள். கடைசியில் தீப் பிடிக்கிறது.

கைப்பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். இருமலோடு படுத்திருக்கிறார், மாமியார். எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று மலை முழுவதும் பல வீடுகளில் குளிர்காலத்தில் நடப்பது இதுதான்.

இந்த அண்டாவுக்கு அடியில் எரிவது வெறும் விறகு அல்ல. ஒரு பெண்ணின் நேரமும், கண்ணும், மூச்சும் சேர்ந்து எரிகின்றன. அதிலும், எரிவதில் பெரும்பகுதி வீண்!

சொகுசு அல்ல

"வெந்நீர்க் குளியல் பணக்காரர்களின் சொகுசு" என்று சிலர் சொல்வார்கள். கீழே, கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாம். மலைமேல் மார்கழியில் சொல்ல முடியாது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஊர்கள் பல 2,000 அடிக்கு மேல் இருக்கின்றன. பெரிய கல்வராயன் பக்கம் 4,000 அடி வரை உயரம் உண்டு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி சூடு குறையும். 3,000 அடி உயரத்தில் உள்ள ஊர், கீழே உள்ள ஊரைவிட 6 டிகிரி குளிராக இருக்கும்.

அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். மரவள்ளி, சாமை பயிரிட்டுப் பிழைக்கிறார்கள். பகல் முழுவதும் காட்டிலும் மேட்டிலும் உழைக்கும் உடம்பு அது. பிள்ளை பெற்றவள், பச்சைக் குழந்தை, மூட்டுவலிக்காரர், சளி பிடித்த பிள்ளை - இவர்களுக்கு வெந்நீர் மருந்து மாதிரி.

ஆகவே, "வெந்நீர் வேண்டாம்" என்பது பேச்சே அல்ல. அந்த வெந்நீரை எப்படிக் காய்ச்சுவது என்பதுதான் கேள்வி.

100 கிராம் போதும்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வாளி என்பது 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மலையில் காலைத் தண்ணீரின் சூடு 20 டிகிரி. குளிப்பதற்கு 40 டிகிரி போதும். அதாவது 20 லிட்டரை 20 டிகிரி ஏற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. அப்படியானால், ஒரு வாளிக்கு 20 பெருக்கல் 20. மொத்தம் 400 கிலோ கலோரி.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோ கலோரி இருக்கிறது. ஆகவே, ஒரு வாளித் தண்ணீருக்கு வேண்டிய விறகு எவ்வளவு? வெறும் 100 கிராம்! ஒரு கைப்பிடிச் சுள்ளி!

ஆனால், எரிவது எவ்வளவு? முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை!

மீதி எங்கே போயிற்று? காற்றில் போயிற்று. மூன்று கல் அடுப்பில் தீ நான்கு பக்கமும் சாய்கிறது. காற்று அடித்தால் அண்டாவைவிட்டே விலகி எரிகிறது. அந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூறில் 10 முதல் 15 பங்குதான் தண்ணீருக்குப் போகிறது. மற்றது மலைக்காற்றைச் சூடாக்குகிறது. மலைக்காற்றைச் சூடாக்கி யாருக்கு என்ன லாபம்?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 கிலோ விறகு. மாதத்துக்குச் சுமார் 100 கிலோ. ஒரு தலைச்சுமை 25 கிலோ என்றால், மாதம் 4 சுமை. இது குளிக்கிற தண்ணீருக்கு மட்டும். சோற்றுக்கு வேறே!

காட்டு விறகு இலவசமா?

"விறகு காசா, பணமா? காட்டில் கிடக்கிறது, பொறுக்கிக்கொண்டு வந்தால் தீர்ந்தது" என்பார்கள்.

பொறுக்குவது யார்? பெண்கள். சில வீடுகளில் பெண் பிள்ளைகள். பக்கத்தில் கிடந்த சுள்ளி தீர்ந்தால், இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நாள் கூலி வேலைக்குப் போயிருக்கலாம். பிள்ளை படித்திருக்கலாம். சும்மா உட்கார்ந்து இளைப்பாறியும் இருக்கலாம். அதற்கு விலை இல்லையா?

புகைக்கும் விலை உண்டு. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகை நுரையீரலைக் கெடுக்கிறது. குழந்தைகளுக்கு நிமோனியா காய்ச்சலைக் கொண்டு வருகிறது. கண்ணையும் கெடுக்கிறது.

"இப்போதுதான் கேஸ் வந்துவிட்டதே!" என்று கேட்கலாம். உண்மைதான். ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் 2016-ல் வந்தது. ஆனால், வீட்டுக்காரிக்குக் கணக்குத் தெரியும். தினமும் நான்கு வாளித் தண்ணீரைக் கேஸ் அடுப்பில் காய்ச்சினால், வெந்நீருக்கே ஒரு சிலிண்டர் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் பல வீடுகளில் சோறு கேஸிலும், வெந்நீர் விறகிலும் காய்கின்றன. சமையல் புகை போயிற்று. வெந்நீர்ப் புகை போகவில்லை.

முதல் வைத்தியம் காசில்லாதது

இதற்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவை இல்லை. முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம்.

அண்டாவுக்கு மூடி போட வேண்டும். திறந்த அண்டாவில் சூடு ஆவியாகப் பறந்துபோகிறது. ஒரு தட்டு கவிழ்த்தாலும் போதும்.

விறகைக் காய வைக்க வேண்டும். ஈர விறகு, தன் ஈரத்தைப் போக்கவே நெருப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கூரைக்கு அடியில் சில வாரம் அடுக்கி வைத்த விறகு, புகை குறைவாக, சூடு அதிகமாக எரியும். கட்டையைப் பிளந்து சிறிதாக்கினால் இன்னும் நல்லது.

மூன்று கல்லைச் சுற்றி மண்சுவர் எழுப்ப வேண்டும். விறகு வைக்க ஒரு வாய். புகை போக ஒரு வழி. மற்ற பக்கம் எல்லாம் மூடி இருக்க வேண்டும். தீ, அண்டாவைவிட்டு ஓடக்கூடாது.

இந்த மூன்றையும் செய்தால் அந்த மாதமே விறகுக் கட்டு மெலிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பாட்டி வீட்டு பாய்லர்

அடுத்த படி, பாய்லர்.

அந்தக் காலத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் தாமிர பாய்லர் ஒன்று நிற்கும். வெளியே பளபளவென்று ஒரு பெரிய பாத்திரம். அதன் நடுவில் ஒரு குழாய். குழாயில்தான் நெருப்பு. சுற்றிலும் தண்ணீர். மேலே புகைபோக்கி. பக்கத்தில் திருகு குழாய்.

எவ்வளவு நல்ல யோசனை! மூன்று கல் அடுப்பில் தண்ணீருக்கு வெளியே நெருப்பு. பாய்லரில் நெருப்பைச் சுற்றித் தண்ணீர். நெருப்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் இருக்கும். போகிற புகைகூட, போகும் வழியில் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுத்தான் போகும். அதனால்தான் நாலு தேங்காய் மட்டையிலும், கொஞ்சம் கரியிலும் அது காய்ந்தது.

நன்றாகச் செய்த பாய்லருக்கு மூன்று கல் அடுப்புக்கு வேண்டிய விறகில் பாதிகூட வேண்டாம். தாமிரம் இன்று விலை அதிகம்தான். தகரத்திலும் எவர்சில்வரிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மலையில் மரவள்ளிக் குச்சிக்குப் பஞ்சமில்லை. கீழே கள்ளக்குறிச்சி, மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்புச் சோகையும் சோளத்தட்டையும் உண்டு. நடுக்குழாயில் போட இவை போதும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: பாய்லரை மூடிய அறைக்குள் வைத்துக் கரி போடக்கூடாது. கரிப்புகையில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு உண்டு. திறந்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

70 வருஷத்துப் பாடம்

நல்ல அடுப்பு என்பது புதிய பேச்சு அல்ல. ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகையில்லாத அடுப்பை உருவாக்கினார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1953-ல் சென்னையில் அச்சாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி 1974-ல் கிராமங்களுக்கான ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். விறகு மிச்சமாகும் "அஸ்திரா" அடுப்பு அங்கே பிறந்தது.

பிறகு மத்திய அரசு, நல்ல அடுப்பு வழங்கும் தேசியத் திட்டத்தை 1983-ல் தொடங்கியது. 3 கோடிக்கும் அதிகமான அடுப்புகள் கட்டப்பட்டன. 2002-ல் திட்டம் நின்றது. அந்த அடுப்புகளில் பல சில வருஷங்களிலேயே கைவிடப்பட்டன.

ஏன்? அடுப்பில் விரிசல் விழுந்தது. பூச ஆள் இல்லை. புகைபோக்கி அடைத்தது; சுத்தம் செய்யச் சொல்லித் தரவில்லை. கட்டிக் கொடுத்தவர் போய்விட்டார். வீட்டுக்காரி பழைய மூன்று கல்லுக்குத் திரும்பிவிட்டாள். குற்றம் அவள்மேல் இல்லை.

பாடம் இதுதான்: பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது. பழுது பார்க்க ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும்.

மின்சாரக் கம்பி சரியா?

"எதற்கு இத்தனை பாடு? வாளிக்குள் ஹீட்டர் கம்பியைப் போட்டால் முடிந்தது" என்று இளைஞர்கள் சொல்வார்கள்.

அதற்கும் கணக்கு உண்டு. ஒரு வாளி வெந்நீருக்கு ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம். நான்கு வாளிக்கு 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்! வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் அறிவித்தது. அந்த 100 யூனிட்டையும் வெந்நீரே குடித்துவிட்டு, மேலும் 20 யூனிட் கேட்கும். விளக்குக்கும் விசிறிக்கும் என்ன செய்வது?

ஆபத்து வேறே. இரும்பு வாளியில் கம்பியைப் போட்டுவிட்டு, சூடு பார்க்கக் கையை விட்டு, மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் உண்டு. அப்படிச் செய்தி வராத குளிர்காலம் இல்லை. கம்பியைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கவே கூடாது.

வெயிலுக்கு மீட்டர் கிடையாது

கடைசிப் படி, வெயில்.

பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்கு இது தெரிந்த சங்கதி. கறுப்புக் குழாய் பகல் முழுவதும் வெயிலில் கிடக்கும். சாயங்காலம் மோட்டாரைப் போட்டால், முதலில் வருகிற தண்ணீர் கையைச் சுடும். கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கிறது. சூரிய வெந்நீர்த் தொட்டியின் ரகசியம் முழுவதும் அந்தக் குழாயில் இருக்கிறது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-ல் இதைத்தான் செய்தார். கறுப்புத் தொட்டியை ஒரு பெட்டிக்குள் வைத்தார். மேலே கண்ணாடி போட்டார். காப்புரிமை வாங்கி விற்றார்.

இதை ஊரிலேயே செய்யலாம். ஒரு டிரம்முக்குக் கறுப்பு வர்ணம் பூச வேண்டும். பலகைப் பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி மூட வேண்டும். சாயங்காலம் வெந்நீர் தயார். காட்டு வேலை முடிந்து, உடம்பு வலியோடு வருகிறவர் குளிப்பது சாயங்காலத்தில்தானே? அந்தக் குளியலுக்கு இது போதும். இரவில் இது ஆறிப்போகும். அதுதான் குறை.

விடியற்காலையிலும் வெந்நீர் வேண்டுமானால், கடையில் விற்கும் சூரிய வெந்நீர்க் கருவி வேண்டும். அதன் தொட்டி, பிளாஸ்க் மாதிரி சூட்டை வெளியே விடாது. கண்ணாடிக் குழாய்களும் இரட்டைச் சுவர் கொண்டவை. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும். குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம்.

100 லிட்டர் கருவி நல்ல வெயில் நாளில் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோகும். அதோடு 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் 10 வாளி வெந்நீர்! ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 60 டிகிரி தண்ணீர் தோலைச் சுட்டுவிடும். கலக்காமல் பிள்ளைகள்மேல் ஊற்றக்கூடாது. உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் குழாயில் உப்புப் படியும்; அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

விலை ஏறக்குறைய 20,000 ரூபாய். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அதை மறைத்துப் பேசுவது நியாயம் அல்ல.

இன்னொரு குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம். மார்கழியில் மலையில் மூடுபனி. வெந்நீர் மிகவும் தேவைப்படும் நாளில் வெயில் ஒளிந்துகொள்ளும்! ஆகவே, வெயிலை மட்டும் நம்பி பாய்லரைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வெயில் உள்ள நாளில் தொட்டி. இல்லாத நாளில் பாய்லர். இரண்டும் மாமியாரும் மருமகளும் போல ஒரே வீட்டில் ஒத்துப்போக வேண்டும்.

விளக்கு வந்தது, வெந்நீர்?

இனி, அரசாங்கம் செய்ய வேண்டியது.

இஸ்ரேல் நாட்டில் 1980 முதல் புது வீடு கட்டினால் கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பார்படாஸ் என்ற குட்டித் தீவு 1974-லேயே இந்தத் தொழிலுக்கு வரிச்சலுகை கொடுத்தது. இன்று அந்தத் தீவில் கூரைக்குக் கூரை தொட்டி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2011-ல் பசுமை வீடு திட்டம் வந்தது. ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. வீட்டுக்கு 5 சூரிய விளக்குகள். நல்ல காரியம். ஆனால், கூரைக்கு வந்த சூரியன் விளக்கை ஏற்றிவிட்டுப் போனான். வெந்நீர் அண்டாவை எட்டிப் பார்க்கவில்லை.

2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய், கான்கிரீட் கூரை. அந்தக் கூரை தொட்டி வைக்க ஏற்றது. குடிசைக் கூரையில் வைக்க முடியாதே! மலை ஊர்களில் கட்டும் வீடுகளில், கட்டும்போதே தொட்டிக்கு இடமும் குழாயும் விட்டுவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டாம்.

சூரிய வெந்நீருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-ல் நின்றது. ஆனால், கூரையில் சூரிய மின்சாரம் தயாரிக்க 2024-ல் தொடங்கிய திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மின்சாரத்துக்கு உதவி, வெந்நீருக்கு இல்லை. குளிரில் நடுங்கும் மலை ஊர்களுக்காவது இந்த வேறுபாட்டை நீக்கலாம்.

எங்கே தொடங்குவது? மாணவர் விடுதியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொடங்கலாம். பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் மலையில் இருக்கின்றன. ஒரு விடுதியில் தொட்டி வைத்தால் நூறு பிள்ளைகள் பார்ப்பார்கள். வீட்டில் போய்ச் சொல்வார்கள். பிரசவம் பார்க்கும் இடத்தில் வெந்நீர் எந்நேரமும் வேண்டும்; தாய்மார்கள் பார்ப்பார்கள்.

கூடவே ஊருக்கு ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ பாய்லர் அடைப்பு எடுக்கவும், தொட்டியின் குழாய் மாற்றவும் பயிற்சி கொடுக்க வேண்டும். 1983-ல் தொடங்கிய திட்டம் விட்ட இடம் அதுதான்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் வந்தது. தனிக்குடித்தனம் வந்தவர்கள் முதலில் அடுப்பைத்தானே சரி செய்வார்கள்?

இன்றைக்கே செய்யலாம்

அரசாங்கம் செய்வது செய்யட்டும். அதுவரை வீட்டில் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

இன்று அண்டாவுக்கு மூடி. அடுத்த வாரம் மூன்று கல்லைச் சுற்றி மண்சுவர். அறுவடைப் பணம் வந்ததும் ஒரு பாய்லர். வசதி வரும்போது வெயில் தொட்டி. ஒவ்வொரு படியிலும் ஒரு விறகுக் கட்டு தலையிலிருந்து இறங்கும்.

இதில் ஆண்களுக்கும் வேலை உண்டு. மண் குழைப்பதும், கட்டை பிளப்பதும், டிரம்முக்கு வர்ணம் பூசுவதும் பெண்கள்தான் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தினமும் குளிக்கிறவர், ஒரு நாளாவது அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதிப் பார்க்க வேண்டும். அதன்பிறகு பாய்லர் வாங்க யோசிக்க மாட்டார்!

ஒரு வாளி வெந்நீருக்கு 100 கிராம் விறகு போதும். மீதியை எல்லாம் சுமந்து வருகிறவள், அந்த வீட்டுத் தாய். அவள் தலைச்சுமையைக் குறைக்க, ஒரு மூடியாவது இன்று போடலாமே!